அம்மாவின் தலைச்சுற்றல், அப்பாவின் காது மந்தம்: உள்காது பற்றி ஒரு விரிவான பதில்

குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு வயது 57, மீன் விற்பவர். சில மாதங்களாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. காலையில் எழும்போதும், பரணில் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து எடுக்கும்போதும் அதேதான். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன. ஓரிடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு தேய்மானம்' என்றார்கள். இன்னோரிடத்தில் 'காது நரம்பு பலவீனம்' என்று மாத்திரை எழுதினார்கள். மாத்திரையும் தொடர்கிறது, சுற்றலும் தொடர்கிறது. அப்பா நெடுங்காலம் விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். காது மந்தமாகிவிட்டது, எந்நேரமும் இரைச்சல் கேட்கிறது என்கிறார். இருவருக்கும் ஒரே இடத்தில்தான் கோளாறா, உள்காதைப் பற்றி உலகத்தில் புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், ஜீன் சிகிச்சை என்று செய்தியில் வருகிறதே, அது அப்பாவுக்கு ஆகுமா என்று கேட்கிறார்.

முதலில் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விவரங்கள் முக்கியமானவை. தலையின் நிலை மாறினால் மட்டும் வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு பக்கம் திரும்பினால் அதிகமாக இருக்கிறது. காது கேட்பதில் குறை இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இவை ஒன்றுசேர்ந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது, உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வரும் தலைச்சுற்றல். மருத்துவர்கள் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். இதை உறுதிசெய்ய எக்ஸ்ரேயும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு கட்டிலும், அம்மாவைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பி விழிகளைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும். நாகர்கோவிலில் செவித்திறன் ஆய்வாளராக வேலை பார்க்கும் எனக்கு இதில்தான் தீராத ஆதங்கம். தலை கறங்குகிறது என்று வருபவர்களில் எத்தனையோ பேர் தடிமனான பரிசோதனைக் கோப்போடு வருகிறார்கள். 'யாராவது உங்களைப் படுக்கவைத்துப் பார்த்தார்களா?' என்று கேட்டால் இல்லை என்கிறார்கள்.

கழுத்து எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு, அதுவும் தலைச்சுமை தூக்கியவர்களுக்கு, கழுத்தெலும்பில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை சுற்றாதவர்களுக்கும் தெரியும். படத்தில் தேய்மானம் இருப்பதாலேயே சுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது.

உள்காது என்பது காதுக்குப் பின்னே இருக்கும் கெட்டியான எலும்புக்குள் குடைந்தாற்போல் அமைந்த சிறு அறைகளும் குழாய்களும். ஒரு பகுதி கேட்பதற்கு. அதன் பெயர் காக்ளியா. இரண்டரைச் சுற்றுச் சுருள், நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். மற்றொரு பகுதி உடலின் சமநிலைக்கு. மூன்று அரைவட்டக் குழாய்களும், அவற்றை ஒட்டி இரண்டு சிறு பைகளும் அதில் உண்டு. இரண்டு பகுதிகளிலும் ஒரே திரவம் தொடர்ச்சியாக இருக்கிறது. இரண்டிலும் வேலை செய்வது, அசைவை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரிழைச் செல்கள்தான். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோளாறு ஒரே உறுப்பில்தான். ஆனால் பழுது வெவ்வேறு அறையில், வெவ்வேறு விதத்தில் ஏற்பட்டிருக்கிறது. அதனால்தான் ஒருவருடையதைச் சில நிமிடங்களில் சரிசெய்ய வழி இருக்கிறது, மற்றவருடையதற்கு இன்னும் அப்படி ஒரு வழி வரவில்லை.

தலையைத் திருப்பும்போது அரைவட்டக் குழாயும் சேர்ந்து திரும்புகிறது, உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருகினால் குடம் திரும்பிவிடும், தண்ணீர் உடனே கூடச் சுழலாது, அதே சங்கதி. இந்தப் பின்தங்கல் மயிரிழைச் செல்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று மூளை அதிலிருந்து அறிகிறது. இரண்டு சிறு பைகளின் வேலை வேறு. அங்கே மயிரிழைச் செல்களின் மேல் ஒரு பசைப் படலமும், அதன்மேல் கால்சியம் கார்பனேட் துகள்களும் இருக்கின்றன. தலை சாயும்போது இந்தத் துகள்களின் எடை படலத்தை இழுக்கும். மேல் எது, கீழ் எது என்பது அப்படித்தான் தெரிகிறது.

வயது ஏறும்போதும், சில சமயம் தலையில் அடிபட்ட பிறகும், இந்தத் துகள்கள் பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் விழுவது தாழ்வாக இருக்கும் பின்புறக் குழாயில். அம்மா புரண்டு படுக்கும்போது துகள்கள் குழாயில் சறுக்கி, திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. தலை அசைவை நிறுத்திவிட்டது. குழாயோ இன்னும் சுழல்கிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. துகள் அடியில் படிந்ததும் சுற்றல் நிற்கிறது. அந்த அரை நிமிடக் கணக்கு அதனால்தான்.

பரிசோதனை இப்படி நடக்கும். அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே விரைவாகப் பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி தாங்கிப் பிடிப்பார்கள். கண்களை மூடக் கூடாது. முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு விழிகள் தாமாகவே துடிக்கத் தொடங்கும்: மேல்நோக்கியும், கூடவே கீழே இருக்கும் காதின் பக்கம் முறுக்கிக்கொண்டும். துடிப்பு வேகமெடுத்து, உச்சத்துக்குப் போய், மெல்ல அடங்கி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் நோயாளிகள் என் கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள், சிலர் அலறுவார்கள். விழி அசையும் திசையே எந்தக் காது, எந்தக் குழாய் என்று சொல்லிவிடும்.

இந்தச் சோதனையை 1952-இல் விவரித்தவர்கள் லண்டனைச் சேர்ந்த மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும். டிக்ஸ் அறுவை மருத்துவராக வேண்டியவர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டு அந்தப் பாதையை விட்டவர். பிறருடைய விழிகளைப் பார்த்து நோயறியும் முறையை உலகுக்குக் கொடுத்ததில் அவர் பெயர் முதலில் நிற்கிறது. அவர்களுக்கு முன்பே, 1921-இல், ராபர்ட் பாரனி இந்த நோயைக் கவனித்து எழுதியிருந்தார். காதுக்குள் குளிர்ந்த நீரும் வெந்நீரும் விட்டு விழியசைவைப் பார்க்கும் சோதனையை உருவாக்கியவர் அவர்தான். சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

துகள்தான் காரணம் என்றால் துகளை வந்த வழியே திருப்பி அனுப்பினால் என்ன? அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து மருத்துவர் ஜான் எப்லி 1980-இல் இதைச் செய்துகாட்டினார். மருந்து இல்லாமல், கத்தி இல்லாமல், தலையை ஒரு வரிசையில் திருப்பியே குணப்படுத்தலாம் என்றதைச் சக மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை. முறையான கட்டுரை வெளியாக 1992 ஆயிற்று. இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை அதுதான். வலக்காது என்றால் மேலே சொன்ன நிலையில் சாய்த்து, சுற்றல் அடங்கும்வரை வைத்திருந்து, தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்பி, பிறகு உடலோடு இன்னும் இடப்பக்கம் உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி கொண்டுவந்து, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை. இப்படித் திருப்பும்போது துகள்கள் குழாயைவிட்டு மீண்டும் பைக்குள் போய் விழுகின்றன; அங்கே அவை தொல்லை தருவதில்லை.

இது வெறும் கைராசி அல்ல. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு 2014-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில், எப்லி முறை செய்யப்பட்டவர்களில் 56 விழுக்காட்டினருக்குச் சுற்றல் முற்றிலும் நின்றிருந்தது. செய்யப்படாதவர்களில் 21 விழுக்காட்டினருக்கு மட்டுமே தானாக நின்றிருந்தது. முதல் தடவை நிற்காதவர்களுக்கு மறுபடி செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது அவசரம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை மூளையின் சமநிலை உணர்வை மந்தப்படுத்துபவை. வாந்தியும் கடும் சுற்றலுமாக இருக்கும் ஓரிரு நாட்களுக்கு உதவும். துகளை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரும். வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் சேர்ந்து பார்க்கின்சன் நோய்போலத் தோன்றவும் கூடும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017 வழிகாட்டி, இந்த நோய்க்கு இத்தகைய மாத்திரைகளை வழக்கமாக எழுத வேண்டாம் என்றே சொல்கிறது. அம்மா சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிய மருத்துவரிடம் 'இது எதற்கு, எத்தனை நாள்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். தனியாரிடம் போனாலும், திருவனந்தபுரம் போனாலும், சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'படுத்துப் புரண்டால் அரை நிமிடம் சுற்றுகிறது, படுக்கவைத்துப் பார்க்க முடியுமா?' இணையத்தில் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிந்தபின், ஒருவர் சொல்லிக்கொடுத்தபின் செய்யலாம். அதற்கு முன் வேண்டாம். கழுத்தில் உண்மையாகவே பெரிய கோளாறு இருப்பவர்களுக்கு வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

குணமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது மீண்டும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைவதோடு தொடர்பு இருக்கலாம் என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது மீண்டும் வருவது 24 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. அம்மாவுக்கு ஒருமுறை வைட்டமின் டி அளவைப் பார்ப்பது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

சரியாகும்வரை தலைச்சுமை வேண்டாம். சுற்றல் வரும் நொடியில் பஸ் படிக்கட்டில் நிற்க நேர்ந்தால், விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் நோயைவிடப் பெரிய கேடு. தென்னை ஏறுபவர், கூரை வேலை செய்பவர், கட்டுமரத்தில் போகிறவர் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை. துகள் பழைய இடத்துக்குப் போய், மறுபரிசோதனையில் விழி துடிக்கவில்லை என்றால் பழையபடி வேலைக்குப் போகலாம்.

இங்கே நிறுத்தி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், முகம் கோணுதல், ஒரு கை காலில் பலவீனம், இதுவரை இல்லாத கடுந்தலைவலி, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது காது அல்ல என்று வைத்துக்கொண்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுமூளைப் பக்கவாதம் தலைச்சுற்றல் வேடத்தில் வரும். நாள் முழுதும் விடாமல் சுற்றும்போது அது காதா மூளையா என்று பிரித்தறிய, கட்டிலருகே செய்யும் மூன்று விழிச் சோதனைகளை 2009-இல் ஓர் அமெரிக்கக் குழு தொகுத்தது. பயிற்சி பெற்ற கையில், முதல் ஓரிரு நாட்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் தவறவிடுவதைக்கூட அது பிடித்துவிடும்.

அம்மாவுக்கு மெனியர் நோய் இருக்குமோ என்று யாராவது சொன்னால், அடையாளம் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் சுற்றல் இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் நீடிக்கும். ஒரு காது அடைத்தாற்போல் இருக்கும், இரையும், கேட்பது குறைந்து பிறகு ஓரளவு திரும்பும். 1861-இல் பாரிசில் ப்ராஸ்பர் மெனியர் இதைச் சொல்லும்வரை, இப்படி விழுந்தவர்களுக்கு மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது என்று கருதி அட்டை வைத்து இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காது கேளாதோர் நிறுவனத்தின் தலைமை மருத்துவராக இருந்த அவர், கேட்கும் குறையும் சுற்றலும் கூடவே வருவதைக் கவனித்து, நோயின் இருப்பிடம் மூளை அல்ல, உள்காது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே இறந்தார். உள்காதுத் திரவம் பெருகி அறைகள் வீங்குவதை 1938-இல் லண்டனில் ஹால்பைக்கும் கேர்ன்சும், ஜப்பானின் ஒசாகாவில் யமகாவாவும் தனித்தனியே கண்டார்கள்.

ஏன் திரவம் பெருகுகிறது என்பதற்கு இன்றும் ஒரே விடை இல்லை. இதற்கு உலகெங்கும் அதிகம் எழுதப்படும் மருந்து பீட்டாஹிஸ்டின். ஜெர்மனியில் 221 நோயாளிகளை வைத்து ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. குறைந்த அளவு மருந்து, அதிக அளவு மருந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று மூன்று குழுக்கள். மூன்றிலும் சுற்றல் ஒரே மாதிரிதான் குறைந்தது. இந்த முடிவைப் படித்தபிறகு, பீட்டாஹிஸ்டினுக்காக ஏழைக் குடும்பங்கள் மாதாமாதம் செலவழிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போடுவது அடங்காத நோய்க்குப் பலன் தருகிறது. அதே 2016-இல் வெளியான 60 பேர் ஆய்வில் சுற்றல் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. உப்பைக் குறைக்கச் சொல்வதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருக்கும் வீட்டில் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

சுற்றலே இல்லாமல் சமநிலை போகும் நோயும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் வந்திருந்தார். பகலில் நன்றாக நடக்கிறார். விடியலுக்கு முன் தலைவிளக்கோடு தோட்டத்துக்குள் போனால் தள்ளாடி விழுகிறார். நிற்க நமக்கு மூன்று துணைகள்: கண், பாதம், உள்காது. கரடுமுரடான சரிவில் பாதம் சரியாகச் செய்தி சொல்லாது, இருட்டில் கண் உதவாது. உள்காதை மட்டும் நம்ப வேண்டிய இடத்தில் அவருக்கு அது இல்லை. கடும் தொற்றுக்காக முன்பு நீண்ட நாள் ஜென்டாமைசின் ஊசி போட்டிருந்தார். இரு காதுகளின் சமநிலைச் செல்களும் அதில் அழிந்திருந்தன.

இது 1940-களிலேயே தெரிந்த கேடு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த உடனேயே சில நோயாளிகள் நடை தடுமாறினார்கள். அப்படி மருந்தால் சமநிலையை இழந்த ஒரு மருத்துவர் தம் அனுபவத்தை 1952-இல் எழுதினார். படுக்கையில் புத்தகம் படிக்கும்போது நாடித்துடிப்பின் சிறு அசைவுக்கே எழுத்துகள் குதித்தனவாம். கட்டில் தலைமாட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. உள்காது ஒவ்வொரு நொடியும் விழிகளை நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. இவர்களுக்கு மாத்திரை இல்லை. கண்ணையும் பாதத்தையும் கூடுதலாக நம்ப மூளையைப் பழக்கும் பயிற்சிகள் உண்டு. காதோர்ன், குக்ஸி இருவரும் 1940-களில் லண்டனில் வகுத்தவை. ரப்பர் தொழிலாளிக்கு அந்தப் பயிற்சியைத்தான் தொடங்கினோம், விடிந்தபின் வெட்டுக்குப் போகச் சொன்னோம்.

உங்கள் கடற்கரைக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் பத்து மீட்டர் ஆழம் போனால் காதின்மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் நாளில், மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதிக் காதைத் திறக்கப் பார்த்தால், உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து திரவம் கசியக்கூடும். கரையேறியதும் சுற்றலும் காது மந்தமும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் தண்ணீர் ஏறிவிட்டது என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்கக் கூடாது.

இனி அப்பா. காக்ளியா ஒன்றில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் மட்டுமே உண்டு. பிறக்கும்போது உள்ளவைதான், அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அடிச்சுற்றில் இருப்பவை கீச்சுக்குரலுக்கு, நுனியில் இருப்பவை கனத்த குரலுக்கு. ஒலியின் அலை அடியிலிருந்து நுனி நோக்கிப் பயணிக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கேயார்க் ஃபான் பேகேஷிக்கு 1961-இல் நோபல் கிடைத்தது. டீசல் எஞ்சின் அருகே வருடக்கணக்கில் நின்றவருக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பகுதி. ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உயர்ந்த சுருதிகள் வேண்டும். எனவே அப்பாவுக்கு 'சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை.' நீங்கள் உரக்கக் கத்தினால் அவருக்குக் கோபம்தான் வரும், புரியாது. எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். இரைச்சலும் இந்த இழப்பின் பக்கவிளைவுதான்; காதிலிருந்து செய்தி குறைந்ததும் மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது? பறவைகளுக்கு அழிந்த மயிரிழைச் செல்கள் மீண்டும் முளைக்கின்றன என்று 1988-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் காட்டின. கோழிக்கு முடிவது நமக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வியில்தான் அன்றுமுதல் ஏராளமான ஆய்வகங்கள் உழைக்கின்றன. காதுக்குள் ஊசி போட்டுச் செல்களை முளைக்கவைக்க முயன்ற எஃப்.எக்ஸ்.-322 என்ற மருந்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2023-இல் அதன் சோதனை தோற்றது. நீங்கள் செய்தியில் பார்த்த ஜீன் சிகிச்சை வேறு. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குச் செல்கள் உயிரோடு இருக்கும், ஆனால் நரம்புக்குச் செய்தியைக் கடத்தாது. சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அப்படிப்பட்ட ஆறு குழந்தைகளுக்குச் சரியான மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் கேட்டது. அந்த முடிவு 2024 ஜனவரியில் வெளியானது. அதைப் படித்த அன்று என் துறையில் எத்தனை பேர் மகிழ்ந்திருப்போம் என்று சொல்லி மாளாது. ஆனால் அப்பாவுக்குச் செல்களே போய்விட்டன, மரபணுவில் பழுதில்லை. இந்தச் சிகிச்சை அவருக்கானது அல்ல. யாராவது அவருக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு இன்று கிடைப்பது காதொலிக் கருவி. முதலில், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் முறையாக எடுங்கள். எஞ்சின் சத்தத்தால் வரும் மந்தம் பொதுவாக இரு காதிலும் ஒத்திருக்கும். ஒரு காது மட்டும் தெளிவாக அதிகம் மந்தம் என்றால் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்ய வேண்டும். குறைபாட்டின் அளவு தகுதிக்குள் வந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் கருவி இலவசமாகவே கிடைக்கும். கருவி வாங்கிய பலர் முதல் வாரத்திலேயே, பாத்திரம் விழும் ஓசைகூடத் தாங்கவில்லை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கேட்காமல் இருந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். வீட்டுக்குள் ஒரு மணி நேரத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டட்டும், அளவைத் திருத்த இரண்டு மூன்று முறை திரும்பப் போகட்டும்.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது படகில் போகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறார்கள் என்றால் இதையும் சொல்லுங்கள். எஞ்சின் அருகே ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்தச் சத்தம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். அதன்மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. காதில் பஞ்சு அடைப்பதால் பயனில்லை. காதை முழுதாக மூடும் கவசம் வேண்டும். கரைக்கு வந்து இரண்டு நாளில் இரைச்சல் அடங்கிவிட்டது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். 2009-இல் எலிகளில் செய்த ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் முழுதாகத் திரும்பிய பின்னும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறக்குறைய பாதி நிரந்தரமாக அறுந்திருந்தது. எந்த வயதுக்காரருக்கும் ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போனால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் அதிகப் பலன். இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.